இரண்டு வலதுகால்கள்

கல்லூரியில் ஸ்கேனர் வாங்கிவிட்டார்கள். என்னிடம் படித்து இப்போது அங்கேயே பாடம் நடத்துகிற பெண் போனில் சொன்னாள். வெட்டுப்பட்ட காலைச் சுற்றி அதை ஒரு முறை காட்டினால் போதுமாம், அளவு முழுவதும் கம்ப்யூட்டரில் ஏறிவிடுமாம். பிளாஸ்டர் அறையைக் காலி செய்து ஏ.சி. போடப் போகிறார்கள். "மேடம், ஆண்டு மலருக்கு பிளாஸ்டர் காலத்தப் பத்தி ஒரு கட்டுரை குடுங்க. கொஞ்சம் ஃபீலிங்கா இருக்கட்டும்" என்றாள்.

எனக்கு ஒரு ஃபீலிங்கும் கிடையாது. செயற்கைக் கால் செய்கிற வேலையில் பாதி பிளாஸ்டர் தூசியைத் தின்பதுதான். ரிட்டயராகி நாலு வருஷம் ஆகியும் இருமல் விடவில்லை. இடுப்பு பாதி நாள் என் பேச்சைக் கேட்பதில்லை. அந்த அறை ஒழிந்தால் ரொம்ப நல்லது. ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள்: "ஸ்கேனர்ல ஆள் மாறிப் போறதுக்குச் சான்ஸே இல்ல மேடம்." அதைக் கேட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆள் மாறிப் போன கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. மாற்றியவள் நான்தான்.

படித்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அப்பா மில் தொழிலாளி. முதலியார்பேட்டையில் வீடு. நர்சிங் கேட்டேன், கிடைக்கவில்லை, கிடைத்தது இது. "கை கால் செய்யறதுக்கெல்லாமா காலேஜு?" என்று சித்தப்பா கேட்டார். நாலு வருஷம். காலையில் எலும்பு, தசை, நரம்பு என்று புத்தகம். மத்தியானம் பட்டறையில் அரமும் உளியும். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர்.

முதல் வருஷம் ஒருவர் காலுக்கு ஒருவர் பிளாஸ்டர் துணி சுற்றிப் பழகினோம். கழற்றிய கூட்டுக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால் அந்தக் கால் அப்படியே வெள்ளையாகக் கிடைக்கும். அதை அச்சு என்போம். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும் என்று படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். இருந்தும் என் முதல் அச்சைக் கூட்டிலிருந்து உரித்து மடியில் வைத்தபோது அது காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி சுட்டது. கத்திவிட்டேன். அந்தக் காலுக்குச் சொந்தக்காரி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தாள்.

பட்டறைக்குத் தலைவர் முசே. பெயர் வேறு, அதை யாரும் சொல்வதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெரியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். முசே அந்த நாட்டுக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பியவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடுதான் பிளாஸ்டர் கலக்குவார். வேலை முடிந்த பிறகும் சட்டையில் ஒரு பொட்டு இருக்காது. நாங்கள் தலையிலிருந்து கால் வரை அப்பிக்கொண்டு நிற்போம். "தனம், நீ அச்சு ஊத்தறியா, இட்லிக்கு மாவு ஆட்டறியா?" என்பார்.

ஒரு பழக்கம் அவருக்கு. அச்சில் முதல் அரம் போடுவதற்கு முன்னால் அதன் முட்டியைத் தொட்டு, "பர்தோன்" என்று சொல்வார். மன்னிக்கணும் என்று அர்த்தம். வேடிக்கைக்குச் செய்ததில்லை, முகத்தில் சிரிப்பே இருக்காது. ஆரம்பத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரிப்போம். மூன்றாம் வருஷத்துக்குள் எங்களில் ஒருவராலும் அதைச் சொல்லாமல் அரத்தை எடுக்க முடியவில்லை. படிப்பு முடிந்து நான் அவருக்குக் கீழேயே வேலைக்குச் சேர்ந்தேன்.

வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வெட்டியது போக மிச்சம் இருக்கிற காலை ஸ்டம்ப் என்போம். அதற்கு ஈர உறை மாட்டி, எலும்பு துருத்துகிற இடங்களிலெல்லாம் காப்பியிங் பென்சிலால் குறி வைப்போம். ஈரம் பட்டால் ஊதாவாக மாறுகிற பென்சில் அது. அந்த ஊதா உறையிலிருந்து கூட்டுக்கும், கூட்டிலிருந்து அச்சுக்கும் இறங்கிவிடும். பிறகு அரம். எடை தாங்கும் இடத்தில் சீவ வேண்டும். எலும்பு இருக்கும் இடத்தில் பிளாஸ்டர் அப்பி மேடாக்க வேண்டும். அந்த அச்சின் மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, நடுவில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்போம். ஆறியதும் உள்ளே இருக்கும் அச்சைச் சுத்தியலால் உடைத்துக் கொட்டிவிடுவோம். மிஞ்சுகிற கிண்ணம்தான் சாக்கெட். ஸ்டம்ப் அதற்குள் உட்காரும். அது சரியில்லை என்றால் கீழே மாட்டுகிற குழாயும் பாதமும் வெறும் அலங்காரம்.

அச்சின் தலைப்பக்கத்தில் ஆளின் பெயரை எழுதி வைப்போம். அந்தப் பக்கத்தையும் அரம் போட்டு மட்டம் செய்யும்போது பெயர் போய்விடும். சீவிய கையோடு பெயரைத் திரும்ப எழுதிவிட்டுத்தான் அச்சைக் கீழே வைக்க வேண்டும். முசே எங்களுக்குக் கொடுத்த முதல் உத்தரவு அது. மற்ற பாடமெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆறுமுகம் வந்தபோது எனக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ். அவர் முதலியார்பேட்டையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். கோரிமேட்டுப் பக்கம் லாரி மோதி வலதுகால் போயிற்று. முட்டிக்குக் கீழே ஒரு சாண் மிச்சம். ஜெராக்ஸ் கடை ஒன்றில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சாக்கெட் செய்து கொடுத்தேன். இரண்டிலும் எலும்பு முனையில் புண் வந்தது. சர்ஜன் கெடு வைத்துவிட்டார். இன்னும் ஒரு மாதத்தில் புண் ஆறவில்லை என்றால் முட்டிக்கு மேலே வெட்டுவது என்று. முட்டி இருக்கிற ஆள் பேண்ட் போட்டுக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முட்டி போய்விட்டால் ஒவ்வொரு அடியும் தனி வேலை. அவருக்கு வயது முப்பத்திரண்டு.

புண்ணைவிட அவரை வாட்டியது இல்லாத கால். வெட்டுப்பட்டவர்கள் நிறைய பேருக்கு இது உண்டு. கால் போன சங்கதி மூளைக்கு உறைக்க நாளாகும் என்று பாடத்திலேயே இருக்கிறது. "வெரலு அஞ்சும் உள்ள மடங்கிக் கெடக்குது மேடம். நகம் உள்ளங்கால்ல குத்துது. விரிக்கவே முடியல" என்று தரைக்குச் சற்று மேலே வெறும் காற்றைக் காட்டுவார். ஒரு நாள் அவருடைய அளவுக் கார்டை எடுக்கப் போகும்போது அவர் காட்டுகிற அந்த இடத்தில் மிதித்து நடந்துவிட்டேன். "ஐயோ!" என்று ஸ்டம்பை இழுத்துக்கொண்டார். நான் பதறிப்போய் "ஸாரி, ஸாரி" என்றேன். எதன் மேல் மிதித்தேன், எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது.

அதே வாரம் வீராம்பட்டினத்திலிருந்து சிங்காரவேலு வந்தார். கடலுக்குப் போகிறவர், சர்க்கரையில் கால் போனது. அவருக்கும் வலதுகால், முட்டிக்குக் கீழே ஒரு சாண். அவருக்கு முசேயே அச்சு எடுத்தார், முசேயே அரம் போட்டார். ஆறுமுகத்தின் மூன்றாவது அச்சு என் வேலை. இரண்டும் ஒரே பெஞ்சில் நின்றன. "தலப்பக்கத்த மட்டும் நீ மட்டம் பண்ணிடு" என்று சொல்லிவிட்டு முசே சாப்பிடப் போனார்.

இரண்டையும் அடுத்தடுத்துச் சீவினேன். ஒவ்வொன்றாகச் செய்து பெயர் எழுதியிருக்க வேண்டும். பென்சிலை எடுக்கும்போது ஆபீசில் போன். பையனுக்கு ஸ்கூலில் ஜுரம், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். பேசிவிட்டு வந்து பார்த்தால் பெயரில்லாத இரண்டு வலதுகால்கள். ஜன்னல் பக்கம் வைத்தது ஆறுமுகம் என்று ஞாபகம். எழுதிவிட்டேன். கார்டை எடுத்து நீளத்தை அளந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அளக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

மறுநாள் காலையில் சிங்காரவேலு மாரடைப்பில் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. அவர் பெயர் போட்ட அச்சை அலமாரியில் தூக்கி வைத்தேன். ஆறுமுகம் பெயர் போட்டதற்குத் தகடு போர்த்தி, உடைத்து, சாக்கெட்டை எடுத்தேன்.

ஆறுமுகம் அதை மாட்டிக்கொண்டு, நடை பழகுகிற கம்பிகளைப் பிடித்து எழுந்தபோது நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வேலையில் காலைப் பார்ப்பதைவிட முகத்தைப் பார்ப்பதுதான் அதிகம். அவர் அசையாமல் நின்றார். பிறகு அழ ஆரம்பித்தார். "மேடம், யாரோ வெரல ஒண்ணொண்ணா பிரிச்சி உட்ட மாதிரி இருக்குது." சுற்றி நின்ற மாணவர்கள் கை தட்டினார்கள்.

முசே வந்தார். சாக்கெட்டைக் கழற்றச் சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டு, மணிக்கட்டு முங்க உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம். "யாரு அரம் போட்டது?" என்றார். "நான்தான் முசே." கையை வெளியே எடுத்து, ஒன்றுமே ஒட்டாத விரல்களைக் கைக்குட்டையால் துடைத்தார். "போட்டுக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அன்று அவர் அரை நாள் லீவு போட்டார். அப்படி அவர் போனதை நான் பார்த்ததே இல்லை.

மூன்று வாரத்தில் புண் மூடிவிட்டது. சர்ஜன் ஆபரேஷன் தேதியைக் கோடு போட்டு அடித்தார். நான் அந்த சாக்கெட்டை வைத்து ஒரு வகுப்பே எடுத்தேன், வெட்கமில்லாமல்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். பட்டறையெங்கும் நல்ல வெயில். ஒரு பெண் வந்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். சிங்காரவேலுவின் மனைவி அஞ்சலை. "யம்மா, எம் ஊட்டுக்காரரு காலு உங்ககிட்ட ஒண்ணு இருக்குதாமே" என்றார். "ஆஸ்பத்திரில எடுத்த கால எங்ககிட்ட குடுக்கல. கொறையாவே பொதைச்சிட்டோம். ஞாயித்துக்கெழம முப்பதாம் நாளு கும்புடறோம். பாதிக் காலுன்னாலும் அந்த மாவுக் கால அவரு பக்கத்துல வெச்சிட்டா முழுசா போய்ச் சேருவாரு."

எனக்கு மனசு இளகிவிட்டது. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டு, முட்டியிலிருந்து கீழே நீவினார். இரண்டாவது முறை நீவும்போது கை நின்றது.

"இது அவரு இல்ல."

பிளாஸ்டர் அப்படித்தான் இருக்கும், அரம் போட்டிருக்கிறோம், கையில் வேறு மாதிரி படும் என்று விளக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் அதட்டலாகவே.

"எட்டு மாசம் காலைலயும் சாயந்தரமும் எண்ணெ போட்டு நீவி உட்டவ நானு. எனக்குத் தெரியாதா? இது யாரோ உசுரோட இருக்கறவன் காலு."

டேப்பை எடுத்தேன், அவர் வாயை அடைக்கத்தான். சிங்காரவேலு கார்டில் இருந்த நீளத்துக்கு அச்சு அரை அங்குலம் குறைந்தது. மறுபடி அளந்தேன். அதே அரை அங்குலம். பிறகு, யாரும் சொல்லாமலே, ஆறுமுகத்தின் கார்டை எடுத்தேன். நூல் பிசகாமல் பொருந்தியது. திரும்பினால் முசே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா முசே?"

"அன்னைக்கே தெரியும். என் கை போட்ட அரம் எனக்குத் தெரியாதா? அந்தப் பையன் முட்டி தப்பட்டும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். தப்பு. இந்தம்மா வருவாங்கன்னு நெனைக்கல."

சிங்காரவேலுவின் அச்சு எங்கே? உடைத்துப் பின்பக்கக் குழியில் கொட்டி மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. அவருடைய கால் இப்போது இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான்: இன்னொருவர் மாட்டிக்கொண்டு நடக்கிற சாக்கெட்டின் உள்பக்கத்தில், வெற்றிடமாக.

முசே அந்தப் பெண்ணுக்கு எதிரில் நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அஞ்சலை சத்தம் போடுவார் என்று நான் பயந்தேன். போடவில்லை. "அப்ப அவரு காலு நடக்குதா?" என்று கேட்டார். நடக்கிறது என்றார் முசே. "நான் பாக்கணும்."

ஜெராக்ஸ் கடைக்குப் போன் செய்தேன். ஆறுமுகம் பஸ் பிடித்து வந்தார். படியில் அவர் ஏறுகிற அழகைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். செத்தவர் படுத்த பாயைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ளாத ஊர் இது. சொன்னால் அவர் அந்த சாக்கெட்டைத் தொட மாட்டார். தொடாவிட்டால் திரும்பப் புண், திரும்ப சர்ஜன். இருந்தாலும் வராந்தாவிலேயே நிறுத்தி, அது செத்தவர் அச்சு, மாற்றியது நான் என்று சொன்னேன். அவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, வாரை அவிழ்த்து, காலைக் கழற்றி அஞ்சலைக்கு முன்னால் வைத்தார்.

"எடுத்துக்குங்கக்கா. எனக்கு வேணாம்."

நான் வாயைத் திறந்தேன். முசே என் தோளை அழுத்தினார்.

அஞ்சலை சாக்கெட்டுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு முங்க. உள்ளே எதையோ தடவித் தேடினார். "அவருதான்" என்றார். பிறகு கையை எடுக்காமலே ஆறுமுகத்தைப் பார்த்துக் கேட்டார்: "இத மாட்டிக்கினா உனக்கு இன்னா தெரியுது தம்பி?"

ஆறுமுகம் என்னை ஒரு முறை பார்த்தார். "வலி இல்லக்கா. கட்டவெரல்ல கயித்த மாட்டி யாரோ அந்தாண்ட இழுத்துப் புடிச்சிக்கினு இருக்கறாப்ல இருக்குது. சாயந்தரமானா உட்டுடுது. மேடம் சிரிப்பாங்கன்னு சொல்லல."

பட்டறையில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தம்மாவின் முகத்தையே பார்த்தேன்.

"வலை கிழிஞ்சிதுன்னா கட்டவெரல்ல மாட்டி இழுத்து வெச்சிக்கினுதான் தைப்பாரு" என்றார் அவர். "கால் போனப்பறமும் இடது கால்ல மாட்டிப் பாத்தாரு. தோதுப்படலன்னு கெடாசிட்டாரு. ஒரு வலை பாதியிலேயே கெடக்குது."

சாக்கெட்டை ஆறுமுகத்தின் பக்கம் தள்ளினார். "போட்டுக்க. பாதில கால எடுத்தா அவருக்குக் கோவம் வரும்."

ஆறுமுகம் அதை எடுக்கவில்லை. கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சலை மடியிலிருந்த அச்சைக் காட்டினார். "அப்ப இது உன்னுதுதான? இத நான் எடுத்துக்கினு போறேன். அவருக்கும் ஒண்ணு வேணுமில்ல. குடுக்கிறியா?"

உயிரோடு இருக்கிற ஆளின் காலைப் பிணத்தோடு வைப்பதா? "வேணாம்னா வேணாம்னு சொல்லிடு ஆறுமுகம்" என்றார் முசே. ஆறுமுகம் அச்சைக் கேட்டு வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தன் காலை அவர் இதற்கு முன் அப்படிப் பார்த்திருக்க வழியில்லை.

"எங்கால ஆஸ்பத்திரில இன்னா பண்ணாங்கன்னே தெரியாதுக்கா. கேக்கவும் பயம். குப்பைல போட்டுட்டேன்னு சொல்லிட்டா?" என்றார். "எடுத்துக்கினு போங்க. நல்ல எடமா பாத்து வைங்க." அப்புறம் குனிந்து சாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முசே தலையசைத்தார். அச்சின் மேலிருந்த பெயரை நான் சீவி எடுத்தேன். பென்சிலை ஆறுமுகம் வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினார். அஞ்சலை அதைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை அது வீராம்பட்டினம் இடுகாட்டில் சிங்காரவேலுவின் பக்கத்தில் போயிற்று.

நடந்ததை எழுதிக் கொடுத்தேன், மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன், வாங்க வேண்டியதுதான். ஆறுமுகத்தின் முட்டி இன்றைக்கும் இருக்கிறது. ஏன் பொருந்தியது என்று மாணவர்கள் கேட்டால் காரணம் சொல்வேன். சாக்கெட் அரை அங்குலம் நீளம், அதனால் புண் இருந்த எலும்பு முனை எதிலும் இடிக்காமல் நின்றது. அப்படி இடைவெளி விட்டால் ஸ்டம்ப் வீங்கும் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. அவருக்கு வீங்கவில்லை. அதற்குக் காரணம் என்னிடம் இல்லை. கயிறு இழுப்பது அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்த அன்று நின்றுவிட்டதாம். "வலைய முடிச்சிட்டாரு போல" என்றார் ஆறுமுகம்.

அதற்குப் பிறகு அவருக்கு எத்தனையோ சாக்கெட் செய்துவிட்டேன், எல்லாம் அவர் காலிலேயே அளவெடுத்து. வருஷா வருஷம் சிங்காரவேலு இறந்த நாளில் வீராம்பட்டினம் போய், அந்த மண்ணில் பால் ஊற்றிவிட்டு வருவார். போன தடவை திரும்பும் வழியில் என் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷம் கழித்தும் அவருக்காகப் போகிறீர்களே என்றேன்.

"அவருக்காகவா போறேன்? எங்கால் அங்கதான மேடம் இருக்குது" என்றார். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "இப்பல்லாம் வெரலு மடங்கறதே இல்ல. நீட்டிப் படுத்துக்கினு இருக்குது. மேல மண்ணுதான் கொஞ்சம் கனமா இருக்குது."